இரண்டு தண்ணியும் கூடாது

ஹார்லனின் காலில் அந்தப் பட்டையை மாட்டிய அன்று நானும் கூட இருந்தேன். அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் அவரை எங்கே கூட்டிப்போவதென்றாலும் நான்தான். அவர் என் அக்கா மார்லிஸின் கணவர். வடக்கு விஸ்கான்சினில் எங்கள் மாவட்டத்து ஏரிக்கரை வீடுகளுக்குப் படகுத்துறை போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். இருபது வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறோம்.

நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. டெனீஸ் என்ற கண்காணிப்பு அலுவலர் தரையில் மண்டியிட்டு, ஹார்லனின் இடது கணுக்காலுக்கு மேல் பட்டையைச் சுற்றி, திருகாணியை முடுக்கினார். சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அரை மணிக்கு ஒரு தடவை உங்க வேர்வையை இது மோந்து பாக்கும். குடிச்சா தோல் வழியா வெளிய வரும். உடனே வராது, ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ ஆகும். ஆனா வந்தே தீரும். ராத்திரி வீட்டுல இருக்கிற பெட்டி பக்கத்துல படுங்க, எல்லாக் கணக்கும் எனக்கு வந்துடும்."

"குளிக்கிறது?"

"ஷவர்ல நிக்கலாம். தொட்டி, நீச்சல், ஏரி எதுவும் கூடாது. கருவி தண்ணிக்குள்ள முங்கிச்சுன்னா கெட்டுப்போகும்."

ஹார்லன் என்னைப் பார்த்தார். பிறகு டெனீஸைப் பார்த்தார்.

"மேடம், என் பொழப்பே ஏரிக்குள்ளதான்."

"தெரியும். எங்க மாமியார் வீட்டுத் துறையை நீங்கதான் போடுறீங்க." டெனீஸ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "உள்ள போற தண்ணியும் கூடாது, வெளிய நிக்கிற தண்ணியும் கூடாது. நூத்தி இருபது நாள்."

அன்று ஏப்ரல் பதினேழு. ஏரிகளில் பனிக்கட்டி உடைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் ஏரியை உறைய வைத்து, உள்ளே நிற்பதையெல்லாம் நொறுக்கிவிடும். அதனால் அக்டோபரில் எல்லார் வீட்டுத் துறையையும் கழற்றிக் கரையில் அடுக்குவோம். மே மாதம் மறுபடி இறக்குவோம். ஒருவர் மார்பு வரைக்கும் வரும் ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, இரும்புக் குழாய்களை நட்டு, பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். இன்னொருவர் கரையிலிருந்து பலகையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். உள்ளே இறங்குகிறவர் எப்போதும் ஹார்லன். தள்ளுகிறவன் நான். ரப்பர் உடையின் மார்புப் பையில் ஒரு தட்டையான பிராந்தி பாட்டில் இருக்கும். "இது இல்லாம மே மாசத் தண்ணியில ஒருத்தன் நிக்க முடியாதுடா மாப்ள" என்பார். நானும் இருபது வருடமாக அதை நம்பினேன்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி அவர் மாட்டிக்கொண்டது மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் தேவாலயத்துக்கு அடுத்த வளைவில் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஷெரிஃபின் ஆள் வந்து ஊதச் சொன்னான். இது இரண்டாவது தடவை. முதல் தடவை அபராதத்தோடு போயிற்று.

காலையிலும் மாலையிலும் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். அந்த வளைவில் ஒரு தபால் பெட்டி உண்டு. அதன் பக்கத்தில்தான் ஹென்ரிக்ஸன் வீட்டு இரண்டு பெண் பிள்ளைகளை இறக்கிவிடுவேன். மூன்று ஐம்பதுக்கு. ஹார்லன் அந்தத் தபால் பெட்டியைத் தரையோடு சாய்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது மூன்று நாற்பதுக்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் ரப்பர் உடை என் உடம்புக்கு வந்தது. முதல் நாள் இறங்கியபோது மூச்சே நின்றுவிட்டது. ஹார்லன் கரையில் நின்று கத்தினார்.

"என்ன மாப்ள, கல்யாணப் பொண்ணு மாதிரி அடி எடுத்து வைக்கிற? நட!"

"கால் மரத்துப் போச்சு மச்சான்!"

"மரத்துப் போனா நல்லது, வலிக்காது. குழாயைச் சாய்க்காத, நேரா பிடி. நேரா! அது என்ன, உன் மூக்கா, கோணலா இருக்கிறதுக்கு?"

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கம்பளிக் காலுறை இரண்டு, உள்ளே ஒரு கனமான சட்டை, ஒரு மணிக்கு ஒருமுறை கரையேறி ஒரு குவளைக் காபி. இவ்வளவுதான். பிராந்தி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நாள் காபி குடிக்கும்போது அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்லையே மச்சான்."

அவர் பலகைகளை எண்ணுவது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஹார்லன், மார்லிஸ், நான் மூவரும் மதுக்கடைக்குப் போவது வழக்கம். எங்கள் ஊரில் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் இடமும் அதுதான். கடைக்குள் நுழைந்ததுமே பெஞ்சில் இருந்த ஒருவன் ஆரம்பித்தான்.

"என்ன ஹார்லன், கொலுசு போட்டிருக்கியாமே! கொஞ்சம் நடந்து காட்டு, சத்தம் வருதான்னு பாப்போம்."

"வரும். ஆனா உன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் கேக்கும்" என்றார் ஹார்லன்.

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சோடாவை வாங்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது அவர் கை கண்ணாடிக் குவளையை இறுக்கிப் பிடித்திருந்தது. மார்லிஸ் தன் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

இருபத்து நான்காவது நாள், மே பதினொன்று. திருமதி லண்டீனின் வீடு. கணவர் இறந்தபின் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாள். வானம் மூடிக்கிடந்தது, காற்று வடக்கேயிருந்து அடித்தது. நான் தண்ணீரில் நான்காவது பலகைக்குக் குழாய் நட்டுக்கொண்டிருந்தேன். ஹார்லன் திருகு எடுத்து வருகிறேன் என்று வண்டிக்குப் போனார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து, போட்டிருந்த பலகைகளின் மேலேயே நடந்து நுனிக்கு வந்து நின்றார்.

அப்போது குழாய் சேற்றில் வழுக்கியது. அதோடு நானும் சாய்ந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, ரப்பர் உடைக்குள் புகுந்தது. ரப்பர் உடைக்குள் தண்ணீர் நிறைந்தால் கனமாகி ஆளைக் கீழே இழுக்கும். ஆழமான இடமென்றால் சாவுதான். ஆனால் அங்கே ஆழம் நான்கு அடி. ஒரு கணம் பதறினேன், காலை ஊன்றினேன், எழுந்து நின்றேன். இருமிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குள் ஹார்லன் குதித்துவிட்டார். பூட்ஸோடு, ஜீன்ஸோடு. பின்னாலிருந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரைப்பக்கம் இழுத்தார். "விட்டுடு, ஒடம்பை விட்டுடு, நான் பிடிச்சிருக்கேன்" என்று என் காதுக்குள் சொன்னார். அந்த மூச்சில் பிராந்தி வாசனை அடித்தது.

என்னைக் கரையில் உட்காரவைத்துவிட்டு அவர் மேலே வரவில்லை. மிதந்துபோன ஒரு மரக்கட்டையை எடுக்கப் போவதாகச் சொல்லி மறுபடி இறங்கினார். கட்டை கைக்கு எட்டிய பிறகும் தொடையளவுத் தண்ணீரிலேயே நின்றார். பற்கள் அடித்துக்கொண்டன. ஏரியைப் பார்த்தபடி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நின்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலிலிருந்த பட்டை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

திருமதி லண்டீன் போர்வைகளோடு ஓடி வந்தார்.

"ஐயோ, நான் ஜன்னல்லேருந்து எல்லாத்தையும் பாத்தேன்! ஒரு நொடி யோசிக்கலையே! அப்படியே குதிச்சாரே மனுஷன்!"

ஹார்லனே டெனீஸுக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் காலை டெனீஸ் பட்டையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் புகுந்து செத்துப்போயிருந்தது. குதித்த நேரத்துக்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. புதுப்பட்டை மாட்டினார்கள். "விதியை மீறினா நான் நீதிபதிக்கு எழுதியாகணும். ஆனா காரணம் நல்ல காரணம்தான். சாட்சி இருந்தா கவலைப்படாதீங்க" என்றார்.

அந்த வாரம் மார்லிஸ் வேறு ஆளாக இருந்தாள். மார்ச் மாதத்திலிருந்து தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வெளியேறிவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று கை குலுக்கினாள். "தம்பியை இழுத்துப் போட்டார்" என்று அவள் சொல்வதைக் கேட்டேன். திருமதி லண்டீன் நீதிபதிக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். ஹார்லனுக்கு வாரம் ஓர் ‘ஆப்பிள் பை’, ஆப்பிள் பூரணம் வைத்துச் சுட்ட பலகாரம், செய்து அனுப்பினார்.

நானும் ஹார்லனும் வேலைக்குப் போகும்போது வண்டியில் பேசவில்லை. விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு நான்தான் தொடங்கினேன்.

"மச்சான், அன்னைக்கு எனக்கு வாசனை வந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாய்" என்றார். "பழைய பாட்டில். போன அக்டோபர்ல திருகுப் பெட்டிக்கு அடியில நான் வச்சதே எனக்கு மறந்து போச்சு. கைக்குத் தட்டுப்பட்டுச்சு. இருபத்து நாலு நாள் மாப்ள. ரெண்டே வாய்."

"அதுக்கப்புறம் குதிச்சீங்க."

"நீ முங்கின. அதான் குதிச்சேன்."

"நான் எந்திரிச்சுட்டேன்."

"எந்திரிச்சது எனக்குத் தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சுதோ என்னவோ" என்றார்.

நான்கைந்து மைல் போனோம்.

"சொல்லப் போறியா?"

"கேக்காம சொல்ல மாட்டேன்."

"கேட்டா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

மே இருபது. நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்த ஓர் அம்மாள். ஹார்லனின் வழக்கறிஞர் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். நான் விழுந்ததா, ரப்பர் உடைக்குள் தண்ணீர் புகுந்ததா, ஹார்லன் குதித்து இழுத்தாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாம் உண்மை. வழக்கறிஞர் உட்கார்ந்தார். மார்லிஸ் முன்வரிசையில் நீல உடுப்பில் இருந்தாள்.

நீதிபதி திருமதி லண்டீனின் கடிதத்தை மூடி வைத்தார்.

"ஒரே ஒரு கேள்வி, வெண்டல். அன்னைக்குக் காலையில அவர் குடிச்சிருந்தாரா?"

அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம். எனக்கு அந்தச் சாய்ந்த தபால் பெட்டி நினைவுக்கு வந்தது. காலையில் அதே வளைவில் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, ஹென்ரிக்ஸன் பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வந்திருந்தேன்.

"குடிச்சிருந்தார் அம்மா. வாசனை வந்தது."

"அப்ப எதுக்காகக் குதிச்சார்னு நெனைக்கிறீங்க?"

"தெரியாது அம்மா. என்னை இழுக்கவும் குதிச்சிருக்கலாம். அது அவருக்கே முழுசா தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

நீதிபதி ஹார்லனைப் பார்த்தார். ஹார்லன் எழுந்து நின்றார். வழக்கறிஞர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "அவன் சொன்னது சரிதான் அம்மா" என்றார்.

பத்து நாள் சிறை. வெளியே வந்ததும் பட்டை மறுபடி முதல் நாளிலிருந்து, நூற்று இருபது நாள்.

மார்லிஸ் என்னைத் தாண்டிப் போய்த் தன் காரில் ஏறிப் போய்விட்டாள்.

மே கடைசி வாரம் விடுமுறைக்கு நகரத்திலிருந்து எல்லாரும் ஏரிக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் இருபத்தொரு வீட்டுக்குத் துறை போட வேண்டியிருந்தது. தனியாளாக முடியாது. எப்படிச் சமாளிப்பது என்று மறுநாள் காலை வண்டியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது மார்லிஸ் வந்து பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். மருத்துவமனைச் சமையலறையில் வேலை அவளுக்கு. விடுப்பு எடுத்திருந்தாள். ஹார்லனின் கையுறைகளைப் போட்டிருந்தாள்.

"கெளம்பு" என்றாள்.

ஐந்து நாள் எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தம் நான்கு சொற்கள்: தள்ளு, பிடி, இறக்கு, போதும். சாப்பாட்டு நேரத்தில் அவள் வண்டிக்குள்ளும் நான் கரையிலும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறாம் நாள் அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நான் இருந்த கட்டைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியும்டா" என்றாள்.

"என்னது அக்கா?"

"அன்னைக்கு ஈரத் துணியை நான்தானே வாங்கித் தொவைச்சேன். வீட்டுக்கு வரும்போது வாய் நெறைய புதினா மிட்டாய். முப்பது வருஷமா அந்த மிட்டாயைப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சுதான் தேவாலய வாசல்ல நின்னு பெருமை பேசினேன். ஒரு வாரம் பேசிட்டுப் போறேனேன்னு இருந்துச்சு. நீ அதையும் பிடுங்கிட்ட."

"என்ன பண்ணச் சொல்ற? நேரா கேட்டாங்க."

"அதான். என்கிட்ட யாரும் நேரா கேக்கல. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. அதை நெனைச்சாத்தான் உன் மேல கோவம் வருது."

தபால் பெட்டியைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். மூன்று நாற்பது, மூன்று ஐம்பது. அவள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு எழுந்து, "வா, அந்தப் பெரிய பலகையை முடிச்சுடலாம்" என்றாள்.

மே முப்பது, சிறை வாசலிலிருந்து ஹார்லனை அழைத்து வந்தது நான்தான். மார்லிஸ் வேலைக்குத் திரும்பியிருந்தாள். முகம் வற்றி, தாடியோடு வந்து வண்டியில் ஏறினார். காலில் டெனீஸ் மாட்டிய புதுப்பட்டை.

"உன் மேல கோவம் இருக்கு" என்றார்.

"இருக்கட்டும் மச்சான்."

"போகும்னு நெனைக்கிறேன். இன்னைக்குப் போகல."

"சரி."

"பிள்ளைங்க விஷயம் மார்லிஸ் சொன்னா. பாக்க வந்தப்போ." வண்டிக் கதவை இழுத்துச் சாத்தினார். "என்கிட்டயே சொல்லியிருக்கலாம்லடா."

"சொல்லியிருக்கலாம்."

"எத்தனை வீடு பாக்கி?"

"ஆறு."

"வண்டிய வேலைக்கு விடு. வீட்டுக்கு அப்புறம் போலாம்."

அன்று கரையில் நின்று பலகை தள்ளினார். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அது எனக்கு என்னவோ போலிருந்தது. மறுநாள் குழாயைக் கோணலாக நட்டேன். "கண்ணு எங்கடா இருக்கு, முதுகுலயா?" என்றார். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

திருமதி லண்டீனுக்கு இதெல்லாம் தெரியாது. கடிதம் போதாமல் போய்விட்டது, நீதிமன்றம் கல்மனசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆப்பிள் பை வந்துகொண்டே இருந்தது. ஜூன் நடுவில் ஒரு நாள் ஹார்லன் தாங்கமாட்டாமல் அவர் வீட்டுக்கு என்னை வண்டியோட்டச் சொன்னார். சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று சொன்னார். இரண்டு வாய் குடித்தது, தண்ணீரில் நின்றது, எல்லாவற்றையும்.

அம்மாள் கேட்டு முடித்தார். அடுப்பைப் பார்த்தார்.

"அப்ப இப்ப வேகுறதை யாருக்குக் குடுக்கிறது?" என்றார்.

"வெண்டலுக்குக் குடுங்க. முங்கினது அவன்தான்."

"ரெண்டு பேரும் உக்காருங்க. பாதிப் பாதி." தட்டுகளை எடுத்து வைத்தார். "என் வீட்டுக்காரர் எதைச் சொல்லாம செத்தார்னு எனக்கு இன்னும் தெரியாது. நீங்க வந்து சொன்னீங்க. உக்காருங்க."

ஆனாலும் கதையை அவர் விடவில்லை. ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, அவர் வீட்டுப் புல்வெளியில் ஏரிக்காரர்கள் எல்லாரும் கூடினோம். சிகாகோவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியிடம், "இவர்தான் மச்சினனைக் காப்பாத்தினவர், ஒரு நொடி யோசிக்காம குதிச்சார்" என்று ஹார்லனைக் காட்டினார். கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அரைக்கால் சட்டைக்குக் கீழே அந்தக் கறுப்புப் பெட்டி வெயிலில் பளபளத்தது.

ஹார்லனுக்குக் காது சிவந்தது. "அப்ப நான் குடிச்சிருந்தேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அவன் நின்னது நாலடித் தண்ணி, அதுல யாரும் முங்க முடியாது. கடுகுச் சாஸ் எங்க இருக்கு?"

சிகாகோக்காரர் கடுகுச் சாஸ் புட்டியை நீட்டினார். ஹார்லன் தன் ரொட்டியில் பூசிக்கொண்டு மார்லிஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்க்காமலே கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தாள்.

செப்டம்பர் இருபத்தேழு அன்று பட்டையைக் கழற்றினார்கள். கணுக்காலைச் சுற்றி முடி உதிர்ந்து வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஹார்லன் ஒரு தடவை குடித்தார், ஜனவரியில், அவர் அம்மாவை அடக்கம் செய்த அன்று. காலில் எதுவும் இல்லை, யாரும் மோந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மார்லிஸிடம் அவரே சொன்னார், எட்டு மணிக்கு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை என்கிறார். நான் நம்புகிறேன். ரப்பர் உடையை என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொல்கிறார்.